அது மழை இல்லை, என் டின்

1

போர்ட் பிளேயர் குட்வில் எஸ்டேட்டில் மேட்டு வரிசையில் நிற்கிற வீடுகளில் பாதிக்கு அஸ்திவாரம் போட்டவன் நான். டாலிகஞ்சில் மழைத்தண்ணீர் ரோட்டை வாரிக்கொண்டு போகாமல் காத்து நிற்கிற சின்னப் பாலம் என் கை வேலை. பாம்பூஃப்ளாட் கரையில் படகு கட்டுகிற மரத்தூண்கள், நானும் என் ஆட்களும் இடுப்பளவு சேற்றில் நின்று இறக்கியவை. சிமெண்டு மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும். வந்து சேரும்போது பாதி மூட்டை ஈரம் குடித்துக் கல்லாகி இருக்கும். அதையும் தூக்கி எறியாமல் உடைத்து, நடுவில் மாவாக இருப்பதைச் சலித்து வேலை பார்த்தேன். படித்த படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் மாட்டுக்குப் பின்னால். இஞ்சினீயர் வரைந்து கொடுத்த படத்தை நேராகப் பிடிக்கிறேனா தலைகீழாகப் பிடிக்கிறேனா என்று தெரியாத காலத்திலும், நான் கட்டிய சுவர் சாய்ந்ததில்லை.

பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் என் மகன் சிரிப்பான். பெருமைக்குத்தான் சொல்கிறேன். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து டிரங்குப் பெட்டிகூட இல்லாமல், வேட்டியில் மூட்டை கட்டி வந்தவன் நான். எனக்கில்லாத பெருமை யாருக்கு?

ஆனால் வீடும் பாலமும் தூணும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். போர்ட் பிளேயரில் யாரைக் கேட்டாலும் கருப்பையா மேஸ்திரி கட்டினது என்பார்கள். கண்ணுக்குத் தெரியாதபடி நான் செய்த ஒன்று இருக்கிறது. அதை இப்போது மழையின் கணக்கில் எழுதப் பார்க்கிறார்கள்.

2

பங்கர் மாரி போய் ஒரு வருஷம் ஆனதற்கு இங்கே தமிழ்ச் சங்கத்தில் படத்திறப்பு வைத்தார்கள். இந்தப் பத்திரிகை படிக்கிற உங்களில் பலருக்கு மாரிமுத்துவைத் தெரியாது. இந்தத் தீவில் தமிழன், வங்காளி, தெலுங்கன், மலையாளி எல்லாருக்கும் தெரியும். மேடை ஏறாமல், ரேடியோவில் வராமல், ஒரு பாட்டுக்கூட அச்சில் ஏறாமல், வாய்க்கு வந்ததை அந்த நிமிஷமே கட்டிப் பாடி ஊரையே சிரிக்கவைத்தவன். தமிழும் இந்தியும் ஒரே வரியில் ஓடும். எதிரில் நிற்பவன் யாராக இருந்தாலும் ஒரு குத்து உண்டு.

மெயின்லேண்டிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். நல்ல மனிதர், கப்பலில் வாந்தி எடுத்த களைப்போடு மேடை ஏறினார். ரேடியோ ரிப்பேர்க் கடை மலையாளி ஒருவர் எப்போதோ பதிவு செய்து வைத்திருந்த டேப்பைப் போட்டார்கள். மாரியின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. பேராசிரியர் கையை உயர்த்தி டேப்பை நிறுத்தச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"பின்னால் ஒரு சத்தம் கேட்கிறதே, கவனித்தீர்களா? அது அந்தமான் மழை. தகரக் கூரையில் விழுகிற மழை. பக்கவாத்தியம் இல்லாத இந்த ஏழைப் பாடகனுக்கு மழையே தாளம் போட்டது. அவர் நிறுத்துகிற இடத்தைக் கேளுங்கள். மழையும் அங்கே நின்று காத்திருக்கிறது. அந்த மௌனத்தில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது."

கூட்டம் கை தட்டியது. நானும் தட்டிவிட்டேன். தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

அந்த மழை நான்.

3

மாரியை நான் முதலில் பார்த்தது கப்பலின் அடித்தட்டில். ஆளுக்கு ஆள் வாந்தி எடுத்துக் கவிழ்ந்து கிடக்கிற நேரத்தில் ஒருத்தன் மட்டும் சமையற்காரனிடம் தட்டை நீட்டிக்கொண்டு பாடுகிறான்.

"சோத்துக்குள்ள கல்லு கெடக்கு,
கல்லுக்குள்ளயும் கல்லு கெடக்கு,
பாத்துப் போடு பாய் சாப்,
பல்லு எனக்கு ஒரு செட்டு."

சமையற்காரனுக்குத் தமிழ் தெரியாது. "க்யா போல்தா ஹை?" என்று என்னைக் கேட்டான். உங்க சமையலைப் புகழ்கிறான் என்று கையால் காட்டினேன். இன்னொரு கரண்டி போட்டான். மாரி என் பக்கம் திரும்பி, "மாப்ளே, நீ நம்ம ஆளு" என்றான். அன்றைக்குப் பிடித்தது சிநேகம்.

அவன் திருவாரூர்ப் பக்கம். மாசி மாசம் காமன் பண்டிகைக்கு அங்கே இரண்டு கட்சியாக உட்கார்ந்து விடிய விடிய லாவணி பாடுவார்களாம், ஒருத்தன் கேட்க ஒருத்தன் மடக்க. அந்தச் சண்டையைக் கேட்டே வளர்ந்தவன். எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிந்தது கை. எதைக் கொடுத்தாலும் தட்டுவேன். அம்மியைத் தட்டி அடி வாங்கியிருக்கிறேன்.

இரண்டு பேரும் ஒரு காண்ட்ராக்டரிடம் மரம் ஏற்றுகிற கும்பலில் சேர்ந்தோம். படாக் மரத்துண்டு ஆனைக்குட்டி கனம் இருக்கும். ஒருவன் வரி கொடுக்க வேண்டும், மற்றவர்கள் 'ஐலசா' என்று சொல்லி ஒரே நேரத்தில் தம் பிடிக்க வேண்டும். வரி கொடுக்கிறவன் தோள் கொடுக்க வேண்டியதில்லை, அது கும்பலின் வழக்கம். மாரி வரி கொடுத்தான். ஒருநாள் கொட்டுகிற மழையில் சூப்பர்வைசர் குடைக்குள் நின்று விரட்டிக்கொண்டே இருந்தார்.

"குடைக்குள்ள ஒரு மனுசன் – ஐலசா,
வெளிய எல்லாம் ஆனைக் கூட்டம் – ஐலசா,
படைச்சவனே கொஞ்சம் பாரு – ஐலசா,
பாபு கோ பானி லக்தா – ஐலசா."

பாபுவுக்குத் தண்ணி படுதாம் என்று கடைசி வரி இந்தியில் வந்ததும் வங்காளிகளும் தெலுங்கர்களும் சிரித்து, தோளிலிருந்த மரம் ஆடிப்போனது. சிரிப்பு சூப்பர்வைசருக்கும் புரிந்தது. மறுநாளிலிருந்து யார்டில் பாட்டு கூடாது, ஒன்று இரண்டு மூன்று சொல்லித் தூக்கினால் போதும் என்று உத்தரவு. மாரி தோள் கொடுக்க வந்தான். பாவம், உயரம் போதாது. மரம் அவன் தோளைத் தொடவே இல்லை. சும்மா கீழே நடந்து வந்தான்.

4

யார்டில் தடுத்ததால்தான் பங்கர் வந்தது.

பாம்பூஃப்ளாட் பக்கம் சரிவில், யுத்த காலத்தில் ஜப்பான்காரன் கட்டிவிட்டுப் போன பங்கர் ஒன்று மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. கனமான கான்கிரீட். கட்டடக்காரனாகச் சொல்கிறேன், அந்த வேலையை இன்றைக்கும் எவனும் செய்ய முடியாது, என்னைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாத்தம் துறையிலிருந்து படகு ஏறி அங்கே போவோம். துப்பாக்கி நீட்டுகிற ஓட்டை வழியாக ஒரு கோடு வெளிச்சம் வரும். உள்ளே ஆள் அடைந்து உட்காருவார்கள். வெளியே எவனுக்கும் கேட்காது. உள்ளே பேசினால் குரல் சுவரில் மோதி மோதித் திரும்பி வரும்.

அங்கேதான் போட்டி. மாரிக்கு எதிர்க்கட்சி எர்ரய்யா, விசாகப்பட்டினம் பக்கத்து மீன்காரன், ஆறடி ஆள். பங்கரின் சட்டம் இதுதான். எதிராளியின் தாயைத் தொடக்கூடாது, ஊரைத் தொடக்கூடாது, மற்றபடி எதையும் சொல்லலாம். எல்லாருக்கும் புரிய ஒரு வரியாவது இந்தியில் வரவேண்டும். நான் அடிக்கிற டின் ஓடிக்கொண்டே இருக்கும், வரி கிடைக்காமல் தாளத்தைத் தவறவிட்டவன் தோற்றான். அந்த டின் மண்ணெண்ணெய் டின். ஒரு பக்கம் வெட்டி, அடிக்கிற பக்கத்தைச் சுத்தியலால் இலேசாகக் குழித்து நானே பதம் பண்ணியது. மடியில் வைத்து விரலால் அடித்தால் மழை பொழிகிற மாதிரி இருக்கும். பேராசிரியரைக் குறை சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு எர்ரய்யா மாரியின் உயரத்தைப் பிடித்துக்கொண்டான். "சோட்டா ஆத்மி, பல்லிக்குட்டி, டப்பியில போட்டு மூடு" என்று இந்தியும் தமிழும் தெலுங்குமாக வாரிவிட்டான். கூட்டம் அவன் பக்கம் போய்விட்டது. மாரி எழுந்தான்.

"சோட்டா தான் நான் எர்ரய்யா,
காட்டு அட்டையும் சோட்டா தான்,
பூட்ஸுக்குள்ள பூந்துபுட்டா..."

அங்கே நின்றுவிட்டான். எல்லாரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். முகம் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரிந்தது அவன் கால். வலது கால் கட்டைவிரல் மட்டும் மெல்ல மேலே தூக்கியது. கப்பலிலிருந்தே நான் கவனித்தது அது. அவனுக்கு அடுத்த வார்த்தை வராவிட்டால் அந்த விரல் தூக்கும்.

நான் டின்னிலிருந்து கையை எடுத்தேன்.

தாளம் ஓடினால்தானே தவறவிட முடியும்? கடைசித் தட்டு சுவரில் சுற்றி அடங்கியது. எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். கட்டைவிரல் தரையைத் தொட்டது.

"போலீஸுகூட ஓட்டந்தான்."

நானும் அதே நொடியில் டின்னில் இறங்கினேன். பங்கர் இடிந்துவிடும் போல் இருந்தது. எர்ரய்யாவே சிரித்து, மாரியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

வெளியே வந்து மாரி கேட்டான். "ஏன் மாப்ளே நிறுத்துன?"

"உனக்கு வரி வரலையே."

"வரலைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் கால்ல எழுதியிருந்துச்சு."

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சில நாள் வரி கையிலிருக்கும்போதும் விரலைத் தூக்குவான், நான் நிறுத்துவதற்காகவே. ஜனம் காத்திருக்கிற அந்த ருசி அவனுக்குப் பிடித்துப்போனது. எது நிஜமான தூக்கல், எது ருசிக்குத் தூக்கியது என்று எனக்கு மட்டும் தெரியும்.

5

ஊரில் ரேடியோ நிலையம் வந்த பிறகு யாரோ சிபாரிசு செய்து மாரியைக் குரல் சோதனைக்குக் கூப்பிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு இரண்டு பேரும் போனோம். நான் டின்னைக் கோணிப்பையில் சுற்றி எடுத்துப் போனேன்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "எந்த மொழிப் பாட்டு?"

"எல்லாம் கலந்து சார்."

"கலந்ததுக்கு இடம் கிடையாது. ஒரு மொழி சொல்லுங்க."

"சாம்பார் சாப்பிடுவீங்கல்ல சார்? அதுல எந்தக் காய்னு ஒண்ணு மட்டும் சொல்லுங்க, நானும் சொல்றேன்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். கிராமியப் பாடல், தமிழ் என்று எழுதிக்கொண்டார். அப்புறம் என் பையைப் பார்த்தார்.

"இது என்ன?"

"டின்னுங்க."

"வாத்தியம் எங்கே?"

"இதுதாங்க."

டின் வாத்தியத்தில் சேராதாம். நிலையத்தில் தபலாக்காரர் இருக்கிறார், அவர் வாசிப்பார் என்றார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தபலாக்காரர் நல்ல வித்தைக்காரர், கை நிற்கவே இல்லை. நாலாவது வரியில் மாரியின் கட்டைவிரல் தூக்கியது. தபலா ஓடியது. இன்னும் தூக்கியது. நான் பெஞ்சில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்? கதவைத் தட்டலாமா என்றுகூட நினைத்தேன். மாரி இருமுவது போல் இருமி, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

திரும்பி வரும் படகில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு சொன்னான். "அவரு மேல தப்பு இல்ல மாப்ளே. உன் டின்னு நிக்குமே, அந்த இடத்துலதான் எனக்கு வார்த்தை உக்காந்திருக்கும். அந்தாளு எனக்கு ஒக்கார எடமே விடல."

இதை அவன் சொன்னபோது பக்கத்தில் இருந்தது ஒரு ஆடும் அதைக் கொண்டுபோன கிழவரும்தான். கிழவர் இப்போது இல்லை.

6

அதற்கப்புறம் மாரி ரேடியோ பக்கம் போகவில்லை. பாம்பூஃப்ளாட் படகில் கயிறு போடுகிற வேலை கிடைத்தது. அதுவே அவனுக்கு மேடை. காலையில் ஆபீஸுக்குப் போகிறவர்கள் அவன் பாட்டுக்காகவே அந்தப் படகைப் பிடித்தார்கள். கப்பல் தாமதமாகி ஊரில் வெங்காயம் தீர்ந்தபோது, கப்பல் எப்போது வரும் என்று இந்தியில் முடித்து அவன் கட்டியது இது.

"கப்பல் வந்தா வெங்காயம்,
வராட்டி வெறும் பெருங்காயம்,
ஜஹாஜ் கப் ஆயேகா?"

இன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதைப் பாடிக் கயிறு தாண்டுகிறார்கள். என் பேத்தியும் பாடுகிறாள். பெருங்காயம் என்றால் என்ன என்று கேட்டேன், தெரியாதாம், "பதா நஹீ தாத்தா" என்கிறாள். ஆனால் 'பெருங்காயம்' முடிந்ததும் கயிறு ஒரு சுற்று சும்மா சுற்றுகிறது, அதற்கப்புறம்தான் 'ஜஹாஜ்'. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது.

மொழி விஷயத்தில் அவளைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. இந்தி எதிர்ப்பு சூடாக இருந்த சமயம் சொந்த ஊருக்குப் போயிருந்தேன். பரமக்குடி பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட, நிறுத்தச் சொல்லி "ருக்கோ, ருக்கோ பாய்" என்று கத்திவிட்டேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "அண்ணே, எந்தக் கட்சி நீங்க?" என்றார். நான் ஐலசா கட்சி என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மாரியிடம் சொன்னபோது அதற்கும் ஒரு பாட்டுக் கட்டினான். நான்தான் அதில் கோமாளி. அதற்கும் டின் அடித்தவன் நானே.

7

படத்திறப்புக்கு மறுவாரம் சங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அரசாங்க ஆபீஸில் வேலை, நல்ல பிள்ளை. வருகிற பொங்கலுக்குச் சங்கத்தின் முன்சுவரில் மாரிக்குக் கல்வெட்டு பதிக்கப்போகிறார்கள். 'மழையே பக்கவாத்தியமாகத் தனியொருவராய்ப் பாடிய மக்கள் கவிஞர்' என்று வாசகம் தயாராகிவிட்டது. பேராசிரியர் உங்கள் பத்திரிகையில் எழுதிய கட்டுரையிலிருந்து எடுத்ததாம்.

"தம்பி, அந்த டேப்பு பங்கருக்குள்ள எடுத்தது. பங்கருக்கு மேல தகரம் ஏது? அது ஜப்பான்காரன் கான்கிரீட்டு. மேல மழை பேஞ்சா உள்ள ஒரு பொட்டுச் சத்தம் கேக்காது. போய் நின்னு பாரு."

"இருக்கலாம் மேஸ்திரி. ஆனா மழைன்னு இருந்தா அழகா இருக்கு. டின்னுன்னு போட்டா ஒரு மாதிரி இருக்கே."

"ஒரு மாதிரி இருந்தாலும் அதுதானப்பா நடந்தது."

"நீங்க சொல்றதுக்குச் சாட்சி யாராவது இருக்காங்களா?"

வீட்டுக்கு வந்தால் மகன் இன்னொரு பக்கம். "அப்பா, கொட்டினதுக்குப் பேர் கேளுங்க, நியாயம். கொட்டாம சும்மா இருந்ததுக்கும் சேர்த்துக் கேக்குறீங்களே." அவன் மனைவி திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

சாட்சி ஒருத்தன் இருந்தான். படகு ஏறி பாம்பூஃப்ளாட் போனேன். எர்ரய்யா வாசலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தான். இடுப்பு வளைந்துவிட்டது, வாய் வளையவில்லை.

"ஆவோ டின்வாலா. இன்னும் சாகலையா நீ?"

"உனக்கு முன்னால போறதில்லைன்னு வேண்டுதல். ஒரு சாட்சி சொல்லணும் எர்ரய்யா. மாரி பாட்டுல வர்ற நிறுத்தம் யாரோடது?"

அவன் கருவாட்டைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தான். "என்கிட்டயே கேக்கிறியா? இத்தனை வருசமா உன்னைத் திட்டணும்னு இருந்தேன். அவன் மாட்டிக்கிட்டா உன் டின்னு நிக்கும். நான் மாட்டிக்கிட்டா ஓடும். அன்னைக்கு ஒரு ஆட்டுப் பாட்டுல நான் தவிச்சேனே, ஏக் பார், ஒரு தடவையாவது நிறுத்தினியா நீ?"

"நீ எதிர்க்கட்சி. உனக்கு எதுக்கு நிறுத்தணும்?"

"அதான். சலோ, எங்க சொல்லணும்? சொல்றேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு அப்போதே வந்தான். செயலாளர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பாபு, நிறுத்தினது இவன்தான். இவன் நிறுத்தலேன்னா பாதி ஞாயிறு நான் ஜெயிச்சிருப்பேன். கல்லுல இவன் பேரைப் போடு. பக்கத்துல பேஈமான்னும் போடு, பித்தலாட்டக்காரன்னு."

செயலாளர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எவனும் கொடுத்ததில்லை. ஜெயித்தவன் சொன்னால் நட்பு என்பார்கள். தோற்றவனே வந்து சொல்கிறான்.

ஆனாலும் செயலாளர், கமிட்டி கூடித்தான் முடிவு செய்ய முடியும் என்றார். பேராசிரியர் எழுதியது அச்சில் வந்துவிட்டதாம், அச்சில் வந்ததை மாற்றச் சிலருக்குச் சங்கடமாம். போதாததற்குக் கல் வேறு சின்னதாம்.

8

அச்சில் வந்ததற்கு அச்சில்தான் பதில் என்று இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளலாம். டின் என்கிற இடத்தில் மட்டும் வேறு வார்த்தை போடக்கூடாது.

மாரி கட்டிய வரிகளில் ஒன்றுகூட என்னுடையது என்று நான் சொல்லவில்லை. வார்த்தை முழுக்க அவன்தான். அவனைப் போல் ஒருத்தன் இனி இந்தத் தீவுக்குக் கப்பல் ஏறப்போவதில்லை. போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் போர்வைக்கு வெளியே அந்தக் கட்டைவிரல் தூக்கியது. கட்டிலின் இரும்புச் சட்டத்தில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்த நான் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நர்ஸம்மா வந்து என் தோளைத் தொடுகிறவரை காத்திருந்தேன்.

கமிட்டிக்காரர்களே, மழை ஊருக்கெல்லாம் பெய்தது. அது மாரிக்காக ஒருநாளும் நின்றதில்லை. நின்றவன் நான். 'தனியொருவராய்' என்பதை எடுத்துவிடுங்கள். பாட்டு மாரிமுத்து, டின்னும் நிறுத்தமும் கருப்பையா என்று போடுங்கள். டின்னை மட்டும் போட்டு நிறுத்தத்தை விட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன், அவனுக்கு நான் கொடுத்ததிலேயே பெரியது அதுதான். எர்ரய்யா சொன்ன வார்த்தையையும் சேர்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கல் சின்னது என்றால் பெரிய கல் நான் கொண்டுவந்து தருகிறேன், சுவரில் பதித்தும் தருகிறேன், என் கை வேலை நூறு வருஷம் அசையாது. எழுத்தை மட்டும் நீங்கள் வெட்டுங்கள். அதையும் நானே வெட்டிக்கொண்டால் அது நன்றாக இருக்காது.